ஒருவர் கொடுக்கும் நோட்டீஸ்: லண்டன் தமிழ் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, ஹாரோ, வெம்பிளி, டூட்டிங் முதலிய பகுதிகளில் வீடுகளை வாடகைக்கு விடும் தமிழ் உரிமையாளர்களுக்கும், அவர்கள் சார்பில் அவ்வீடுகளைக் கவனித்துக்கொள்ளும் முகவர்களுக்கும் வணக்கம்.

கணவன் மனைவியாகவோ மணமாகாத இணையராகவோ வந்து, இருவரும் கையெழுத்திட்டு உங்களிடம் வீடு எடுத்தவர்கள் பிற்பாடு பிரிந்துவிட்டால், அந்தக் கூட்டு வாடகை உடன்படிக்கை எப்படி முடிவுக்கு வருகிறது என்பதைப் பற்றி மட்டுமே இந்த மடலில் எழுதுகிறேன். பிரிவு சரியா தவறா என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளின் நிலை மாறுகிறது. இதுவரை வெளியேற விரும்பியவரைக் கட்டிப்போட்டிருந்த ஏற்பாடு ஒழிகிறது; அதற்குப் பதிலாக, வீட்டில் தங்கியிருப்பவர் தன் செயல் ஏதுமின்றியே வீட்டை இழக்கும் நிலை அடிக்கடி வரப்போகிறது. நீதிமன்றப் படி ஏறாமல் அதைத் தடுக்கக்கூடியவர் வீட்டு உரிமையாளர் ஒருவர்தான் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரி. என் கணவரும் நானும் ஈஸ்ட் ஹாமில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை, மாதம் 1,700 பவுண்டு வாடகைக்கு, இருவர் பெயரிலும் எடுத்திருந்தோம். உரிமையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே வாழ்பவர். பாய்லர் பழுதானால் அன்றைக்கே ஆள் அனுப்புவார். வாடகை இரண்டு நாள் தாமதமானால் முகம் கோணமாட்டார். நல்ல மனிதர் என்றே இன்றும் சொல்வேன். 2023 செப்டம்பர் 1 அன்று உடன்படிக்கையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் புதுப்பித்தோம். 2024 ஜனவரியில் நான் அந்த வீட்டை விட்டு வெளியேறி, இல்ஃபோர்டில் மாதம் 750 பவுண்டுக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டேன். மறுநாளே உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, என் பெயரை உடன்படிக்கையிலிருந்து எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "தங்கச்சி, அவசரப்படாதேங்கோ, நான் தம்பியோட கதைக்கிறன்" என்றார்.

கதைத்தார். பராமரிப்பு விஷயமாகக் கடிதம் போடவேண்டியிருக்கும் என்று அவர் கேட்டு வாங்கிய என் புதிய முகவரி, அன்று மாலையே என் கணவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கிடையே அடிதடி எதுவும் இருந்ததில்லை என்பதால், வாசலில் நின்று பேசிய ஒரு சங்கடமான அரைமணி நேரத்தோடு அது முடிந்தது. வேறொரு பெண்ணுக்கு அப்படி முடிந்திருக்காது.

அதன்பின் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்ற சொற்றொடரின் பொருள். இருவர் கையெழுத்திட்டால் ஆளுக்குப் பாதி வாடகை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. ஒருவர் கொடுக்காவிட்டால் மற்றவரிடம் முழுவதையும் கேட்கலாம். கேட்கப்படுபவர் அந்த வீட்டில் வசிக்கிறாரா இல்லையா என்பது பொருட்டல்ல. குறித்த காலம் முடியும்வரை ஒருவரால் தனியாக விலகவும் முடியாது. உடன்படிக்கையை இடையில் முடித்துத் திருப்பி ஒப்படைக்க இருவரும் சம்மதிக்க வேண்டும். காலம் முடியுமுன் விலகிக்கொள்ள இடம்தரும் இடைமுறிவு விதி இருந்தால்கூட அதையும் இருவரும் சேர்ந்துதான் பயன்படுத்த வேண்டும். என் கணவர் கையெழுத்திட மறுத்தார். மூன்று மாதங்கள் அந்த வீட்டுக்கு 850 பவுண்டும் இந்த அறைக்கு 750 பவுண்டுமாக, ஒரு சம்பளத்திலிருந்து மாதம் 1,600 பவுண்டு கட்டினேன். நான்காம் மாதம் என்னால் முடியவில்லை. அவர் தன் பாதியை மட்டும் கட்டினார். வாடகைப் பாக்கி என்ற தலைப்பில் மின்னஞ்சல் எனக்கு மட்டும் வந்தது.

ஆகஸ்டு 31 வந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதுவும் தவறு. ஒருவர் அங்கேயே தங்கியிருந்ததால், குறித்த காலம் முடிந்த உடன்படிக்கை மாதாந்தர உடன்படிக்கையாக மாறி, இருவர் பெயரிலும் தொடர்ந்தது. நான் எட்டு மாதமாகக் கால் வைக்காத வீட்டுக்கு ஒன்பதாவது மாதமும் வாடகைதாரராக இருந்தேன்.

செப்டம்பர் கடைசியில், வீட்டு வசதி ஆலோசனை மையம் ஒன்றில் இருந்த வயதான ஓர் ஆங்கிலேய அம்மையார் என் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு தாளில் நான்கு வரி எழுதித் தந்தார். அக்டோபர் 31 அன்று உடன்படிக்கை முடிகிறது என்று சொல்லும் நோட்டீஸ் அது. என் கையெழுத்து மட்டும் போதும் என்றார். நான் நம்பவில்லை. வீட்டு உரிமையாளரும் நம்பவில்லை. "ரெண்டு பேரும் கையெழுத்து வைக்க வேணும்" என்றார். அவர் சொன்னது குறித்த காலம் ஓடிக்கொண்டிருந்தவரை சரி. அது முடிந்த பிறகு தவறு. மையத்திலிருந்து கடிதம் போன பின்னர்தான் ஏற்றுக்கொண்டார்.

ஒரே ஒருவரின் நோட்டீஸ் எப்படி இருவரின் உடன்படிக்கையையும் முடிக்கும் என்ற வியப்பு நம் ஆட்களுக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் கேள்வி இந்நாட்டின் உச்ச மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது. ஃபுல்ஹாமில் கவுன்சில் வீடு ஒன்றில் சேர்ந்து வாழ்ந்த இணையர் பிரிந்தார்கள். கூட்டு உடன்படிக்கையை முடித்தால் வேறு வீடு தருவதாகக் கவுன்சில் சொன்னதன்பேரில், வெளியேறிய பெண், மங்க் என்ற அந்த ஆணுக்குத் தெரியாமலேயே நோட்டீஸ் கொடுத்தார். அது செல்லும் என்று 1991 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. வாரம் வாரமோ மாதம் மாதமோ தொடரும் வாடகை உடன்படிக்கை, தொடர வேண்டும் என்று எல்லோரும் விரும்பும்வரைதான் தொடரும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நிற்கத்தான் செய்யும். மற்ற மாடு நகரத் தயாராக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் தங்கியவரின் மனித உரிமையை முன்வைத்து 2014இல் மீண்டும் இதே கேள்வி, இம்முறை டக்கோரம் கவுன்சில் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பழைய விதியை நீதிபதிகள் ஒருமனதாக நிலைநிறுத்தினார்கள்.

ஆனால் இந்த விதி குறித்த காலம் இல்லாத உடன்படிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், தனியார் வீடுகளில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருந்தது. ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று கையெழுத்து வாங்குவதுதானே நம் வழக்கம். புதிய சட்டம் அந்த வழக்கத்தையே எடுத்துவிடுகிறது. 2026 மே 1 முதல், தனியார் வாடகையில் மிகப் பெரும்பாலான உடன்படிக்கைகள், பழையவை உட்பட, காலவரையற்ற மாதாந்தர உடன்படிக்கைகளாகின்றன. ஒரு வருடத்துக்கு என்று எழுதி வாங்கிய தாளில் அந்த வருடக் கணக்குக்கு இனி மதிப்பில்லை. வாடகைதாரர் எந்த நேரத்திலும் எழுத்தில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கலாம். அது வாடகைக் காலத்தின் முடிவோடு பொருந்தி முடிய வேண்டும். அந்த நோட்டீஸைக் கூட்டு வாடகைதாரர்களில் ஒருவர் மட்டும் கொடுத்தாலும் உடன்படிக்கை இருவருக்குமே முடிந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த அவகாசம் போதும் என்றால் மட்டும்தான் எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

2024இல் எனக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால், அக்டோபர் கடைசிவரை நீண்ட என் பாரம் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். எனவே இதை நான் வரவேற்கிறேன் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த ஆலோசனை மையத்திலேயே மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மொழிபெயர்ப்பாளராக உட்காரத் தொடங்கியதிலிருந்து, நான்கு வரித் தாளின் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டேன்.

ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். வெளியேறியவர் கணவர்தான். வேறு ஊரில் நண்பர் வீட்டில் தங்கிக்கொண்டு, பெயரைக் கழற்றிக்கொள்ள ஒரு மாத நோட்டீஸ் அனுப்பினார். குறித்த காலம் முன்பே முடிந்திருந்ததால் அது செல்லுபடியானது. முகவர் அதைப் பெற்றுக்கொண்டு, கணவருக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். வீட்டில் இருந்த மனைவிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ கோப்பில் இல்லை. வீட்டைப் பார்க்கப் புதிய ஆட்களை அழைத்து வந்து முகவர் கதவைத் தட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. அந்தப் பெண் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தார். வாடகையில் ஒரு நாள்கூடப் பாக்கி இல்லை. பிள்ளைகளின் பள்ளி அடுத்த தெருவில். அந்த வீட்டைத் தன் பெயரிலேயே தரும்படி கேட்டார். ஒற்றைச் சம்பளம், தனியாக இருக்கும் பெண், ஆறு மாத வாடகையை முன்பணமாகத் தந்தால் யோசிக்கலாம் என்பது பதில். அவர் கவுன்சில் கொடுத்த ஓர் அறைக்குப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறிப் போனார்கள்.

அந்த மூன்று வாரத்தின் அருமை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தின் கீழ், பிரியும் கணவன் மனைவியரிடையேயும், மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களிடையேயும், வாடகை உடன்படிக்கையை ஒருவர் பெயருக்கு மாற்றித்தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மாற்றுவதற்கு உடன்படிக்கை ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டால் மாற்றுவதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை. ஆகவே வீட்டில் இருப்பவருக்கு நோட்டீஸைப் பற்றிச் சொல்லாமல் கடத்தும் ஒவ்வொரு நாளும், வழக்கறிஞரைப் பார்க்கவோ கவுன்சிலிடம் போகவோ அவருக்கு இருந்த நாள்களில் ஒன்றைப் பறிப்பதாகிறது. இனி அந்த அவகாசம் இரண்டு மாதமாக நீளும் என்பது உண்மைதான். சொல்லாமல் விட்டால் இரண்டு மாதமும் பறிபோகும்.

அப்படியானால் நோட்டீஸ் வந்தவுடன் மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று விதி வைத்துவிடலாமா? இங்கேதான் எனக்கே நெடுநாள் குழப்பம் இருந்தது. அடிக்குப் பயந்து ஓடிய பெண், தான் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேருமுன் கணவனுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று நடுங்கிக்கொண்டு நோட்டீஸ் கொடுக்கிறார். 2014 வழக்கிலும் மனைவி வெளியேறியது வன்முறையைக் காரணம் காட்டித்தான். இருவகைப் பெண்களையும் ஒரே விதியால் காப்பாற்ற முடியாது. யோசித்து நான் வந்துசேர்ந்த முடிவை உங்கள் முன் வைக்கிறேன். நோட்டீஸ் கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்: மற்றவரிடம் நாங்கள் சொல்வதால் உங்களுக்கு ஆபத்து உண்டா, எந்த நாளுக்குப் பிறகு சொன்னால் பாதகமில்லை? ஆபத்து என்றால் அவர் சொல்லும் நாள்வரை பொறுத்திருங்கள். ஆபத்து இல்லையென்றால் அன்றே, தொலைபேசியில் அல்ல, எழுத்தில், மற்றவர் பெயருக்குத் தனியாக, அவருக்குப் புரியும் மொழியில், நோட்டீஸின் நகலோடு அறிவியுங்கள். வெளியேறியவரின் புதிய முகவரியை எந்த நிலையிலும், யார் கேட்டாலும், எந்த நல்லெண்ணத்தோடும் சொல்லாதீர்கள்.

தமிழில் வீட்டுக்காரர் என்ற ஒரே சொல் வீட்டின் உரிமையாளரையும் குறிக்கிறது, கணவரையும் குறிக்கிறது. பேச்சு வழக்கில் இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கோப்புகளிலும் அப்படித்தான் இருக்கிறது. மனைவி கையெழுத்து மட்டும் இடுகிறார். பேச்சு, பணம், சாவி, மின்னஞ்சல் எல்லாம் ஒரு வீட்டுக்காரருக்கும் இன்னொரு வீட்டுக்காரருக்கும் இடையில் நடக்கிறது. கூட்டு வாடகைதாரர் என்றால் உங்களுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் மற்றவரின் பின்னிணைப்பு அல்ல.

அடுத்து, இந்த மடலின் முக்கியமான வேண்டுகோள். ஒருவர் கொடுத்த நோட்டீஸால் உடன்படிக்கை முடியும்போது, தங்கியிருப்பவர் அங்கேயே இருக்க விரும்பினால், வேறு யாருக்கும் வீட்டைக் காட்டுமுன் அவருக்குப் புதிய உடன்படிக்கை தர முடியுமா என்று பாருங்கள். என் கணவருக்கு அந்த உரிமையாளர் நவம்பர் 1 முதல் புதிய உடன்படிக்கை கொடுத்தார்; யாரும் ஒற்றைச் சம்பளம் என்று சொல்லவில்லை, முன்பணம் கேட்கவில்லை. அதே நடைமுறையை ஒரு பெண்ணுக்கும் கேட்கிறேன். ஆறு மாத முன்பணம் என்ற கதை இனி நடக்காது; புதிய சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமாகக் கேட்பதற்கு இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவோ அரசு உதவித்தொகை வாங்குகிறார் என்பதற்காகவோ வீடு மறுப்பதும் சட்டவிரோதம். வாடகை கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை நேர்மையாகப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பிரிந்தவுடன் கணவன் மனைவியின் கூட்டு யூனிவர்சல் கிரெடிட் (அரசு உதவித்தொகை) கணக்கு முடிந்து, தங்கியிருப்பவர் தனியாக விண்ணப்பிப்பார்; வீட்டு வாடகைக்கான பகுதி இனி அவருடைய நிலையை வைத்துக் கணக்கிடப்படும். பிள்ளைகள் இல்லாத, 35 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெரும்பாலும் பகிர்வு அறைக்கான தொகைதான் கிடைக்கும். அவரால் முழு வீட்டைத் தாங்க முடியாமல் போகலாம். பிள்ளைகள் உள்ள தாயின் கணக்கு வேறு. முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரத்தைப் பொறுக்காமல் வெளியேற்றிவிட்டு, புதியவரைத் தேடி, வீட்டுக்கு வண்ணம் பூசி, ஒரு மாதம் காலியாகப் போட்டு வைப்பதில் உங்களுக்கு என்ன லாபம் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கிக் கடன் தவணை உங்களுக்கும் மாதம் தவறாமல் வருகிறது என்பதை மறந்து எழுதவில்லை.

மூவரும், அதாவது வெளியேறுபவர், தங்குபவர், உரிமையாளர், சம்மதித்தால் நோட்டீஸே தேவையில்லை. இருவரும் சேர்ந்து உடன்படிக்கையை ஒப்படைத்துவிட, அன்றே தங்குபவருக்குப் புதியது எழுதலாம்; அல்லது வெளியேறுபவரின் பங்கை முறையாகத் தங்குபவர் பெயருக்கு மாற்றலாம். வாடகைதாரர் கேட்டு இப்படி ஒரு மாற்றம் செய்யும்போது, 2019ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி 50 பவுண்டு வரை வாங்கலாம். அதற்கு மேல் வாங்குவதென்றால் உண்மையில் அவ்வளவு செலவானதைக் காட்ட வேண்டும். "பெயர் நீக்கக் கட்டணம்" என்று 250, 300 பவுண்டு கேட்கும் கடிதங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். அவற்றில் செலவுக் கணக்கு எதையும் கண்டதில்லை.

டெபாசிட் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டெபாசிட் ஐந்து வார வாடகை, 1,961 பவுண்டு. அது சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில்தான் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஆனால் முதன்மை வாடகைதாரர் என்று என் கணவர் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. யாரைக் கேட்டு அப்படிக் குறித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் தலையாட்டியிருப்பேன். உடன்படிக்கை முடிந்தபோது அந்தத் தொகை அப்படியே அவருடைய புதிய உடன்படிக்கைக்குப் போனது. என் பாதியைப் பற்றிக் கேட்டபோது, "அதை நீங்கள் ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பாத்துக்கொள்ளுங்கோ" என்றார் உரிமையாளர். உங்களுக்குள் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் ஏன் பிரிகிறார்கள்? அந்தப் பணம் எனக்கு இன்றுவரை வரவில்லை. பழைய உடன்படிக்கை முடிந்தால் பழைய டெபாசிட்டின் கணக்கையும் முடியுங்கள்: வீட்டின் நிலையைப் பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியை யாருக்கு எவ்வளவு என்று இருவரிடமும் எழுத்தில் கேட்டு, திட்டத்தின் மூலம் திருப்பிக் கொடுங்கள். தங்குபவரிடம் புதிய டெபாசிட் வாங்கினால் 30 நாளுக்குள் பாதுகாத்து, அதற்குரிய விவரங்களையும் கொடுங்கள். தவறினால் டெபாசிட்டைப் போல மூன்று மடங்குவரை அபராதம் விழலாம் என்பது உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். ஒரே நேரத்தில் முழுத் தொகையைத் திரட்ட முடியாதவருக்குத் தவணை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

உடன்படிக்கை கணவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, அவர் மனைவியை விட்டுவிட்டுப் போய்விடும் வீடுகளும் உண்டு. உங்களோடு எனக்கு உடன்படிக்கை இல்லை, வாடகையை உங்களிடம் வாங்க முடியாது என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எங்கள் மையத்துக்கு வருகிறார்கள். வாங்கத்தான் வேண்டும். பதிவு பெற்ற திருமணத்தின் மனைவிக்கு அந்த இல்லத்தில் குடியிருக்கும் உரிமை உண்டு. அவர் கட்டும் வாடகை கணவர் கட்டியதாகவே கருதப்படும் என்று அதே 1996 சட்டம் சொல்கிறது. இதில் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே கோயிலில் தாலி கட்டி, ஐந்நூறு பேருக்கு விருந்து வைத்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்ட திருமணங்கள் உள்ளன. பதிவு இல்லாத அந்தச் சடங்கை இந்நாட்டுச் சட்டம் திருமணமாக ஏற்பதில்லை என்பதால், அந்தப் பெண் மனைவியின் உரிமையைத் தானாகப் பெறுவதில்லை. சேர்ந்து வாழ்ந்தவர் என்ற நிலையில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். ஊரிலேயே முறைப்படி மணந்து வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அழைப்பிதழும் ஆல்பமும் சான்றிதழாகாது என்பதை, அந்தத் திருமணங்களுக்கு வந்து மொய் எழுதிய உங்களிடமும் சொல்லி வைக்கிறேன்.

நோட்டீஸ் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வெளியேறாமல் இருந்தால் பூட்டை மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி: நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அப்படிச் செய்வது 1977ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அதேபோல், உடன்படிக்கை நடப்பில் இருக்கும்போது கணவர் கேட்டார் என்பதற்காக மனைவிக்குச் சாவி மறுப்பதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை. அவர் உள்ளே வரக்கூடாது என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

சமாதானம் பேசுவதைப் பற்றி நான் எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டு உரிமையாளர் அண்ணனாகவும் மாமாவாகவும் இருப்பதால் கிடைக்கும் நன்மைகளை நானும் அனுபவித்திருக்கிறேன். இந்நாட்டில் சம்பளச் சீட்டு இல்லாமல், முந்தைய வீட்டுக்காரரின் சான்று இல்லாமல், ஊர்ப்பெயரை மட்டும் கேட்டு எங்களுக்கு முதல் வீடு கொடுத்தவர்கள் நீங்கள்தான். அந்த உறவு முறையை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் ஒரு பெண் நோட்டீஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த தாளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு மாதம் யோசி" என்று சொல்வது அறிவுரையாகாது. அவர் அந்தத் தாளைக் கொடுத்த நாளிலிருந்து நோட்டீஸ் ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் அதை ஏற்றுக்கொள்வதற்காக அது காத்திருப்பதில்லை. கிடைத்தது என்று நாளைக் குறித்து ஒரு பதில் எழுதுங்கள். அறிவுரை சொல்ல வேண்டுமென்றால் பிறகு, அவர் கேட்டால், சொல்லுங்கள்.

முகவர்களுக்குத் தனியாக ஒன்று. "கூட்டு வாடகைதாரர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும்" என்று அச்சிட்ட உங்கள் வெளியேற்றப் படிவம், காலவரையற்ற உடன்படிக்கைக்குப் பொருந்தாது. அந்த வரியை நம்பி, கணவரின் கையெழுத்துக்காக வாரக்கணக்கில் அலைந்து, நோட்டீஸ் கொடுக்கும் நாளையே தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். மறு அச்சுக்கு அதை நீக்கிவிடுங்கள். இருக்கும் படிவங்களில் பேனாவால் அடித்துவிட்டால்கூடப் போதும். வெளியேறியவருக்கு அடுத்த வீட்டுக்குச் சான்றுக் கடிதம் எழுதும்போது, அவர் போன பிறகு மற்றவர் வைத்த பாக்கியை இவர் கணக்கில் மொத்தமாக ஏற்றாமல், எந்த மாதம் யார் எவ்வளவு கட்டினார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சட்டப்படி இருவரும் பொறுப்பு என்பது கடனை வசூலிப்பதற்கான விதி. ஒருவரின் நாணயத்தை அளக்கும் கோல் அல்ல.

இதையெல்லாம் செய்ய யாரும் பிரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புதிய சட்டத்துக்காக எப்படியும் உங்கள் உடன்படிக்கைகளை எடுத்துத் திருத்தப் போகிறீர்கள். அப்போது, இருவர் பெயர் உள்ள ஒவ்வொரு கோப்பிலும், இரண்டாவது பெயருக்கு எதிரே அவருடைய சொந்தத் தொலைபேசி எண்ணும் சொந்த மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாமில் முன்பு உங்களில் ஒருவரிடம் குடியிருந்த வாடகைதாரர்